பங்குனி சித்திரைல தோட்டத்துல என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு

பங்குனி பொறந்துட்டா போதும், கோயமுத்தூர்ல இருக்கற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் பண்ணி, இப்ப தான் வெள்ளாமை ஒண்ணும் இல்லயே, சும்மா தான இருப்பீங்க, ஒரு வாரம் வந்துட்டு போங்கன்னு கூப்பிடுவாங்க. பாசமா தான் கூப்பிடறாங்க. ஆனா காங்கேயம் தாராபுரம் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு, கொஞ்சம் மேய்ச்சக் காடு, நாலஞ்சு மாடு, ஒரு பட்டி ஆடுன்னு வச்சிருக்கறவங்களுக்கு மாசி கடைசில இருந்து வைகாசி வரைக்கும் தான் வருஷத்துலயே ரொம்ப கவனமா இருக்க வேண்டிய காலம். விதைப்பும் இல்ல, அறுப்பும் இல்ல, பாக்கறவங்களுக்கு காடு காஞ்சு கெடக்கும். ஆனா மழை வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சு வச்சமோ அதப் பொறுத்துதான் அடுத்த தை வரைக்கும் எல்லாமே. கல்யாணம் ஆகி இங்க வந்து, ஆபீஸ் வேலைய விட்டுட்டு முழுசா பண்ணையத்துல எறங்குனதுக்கு அப்பறம் எங்க அத்தை பின்னாடியே நடந்து நடந்து கத்துக்கிட்டது தான் இதெல்லாம். கோடைல தோட்டம் பாக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன்.

மொதல்ல நேரம். இந்த மாசத்துல வேலை எல்லாம் வெடியால அஞ்சு மணில இருந்து ஒம்பது மணிக்குள்ள, அப்பறம் பொழுதோட நாலரைக்கு மேல. நடுவுல வெயில்ல நின்னு மம்பட்டி புடிச்சா ஒரு மணி நேர வேலைக்கு மூணு மணி நேரம் ஆகும், மறுநாளும் உடம்பு எந்திரிக்காது. அத்தை ஒம்பதரைக்கு மேல என்னை தோட்டத்துல பாத்தா "அம்மிணி, வேல எங்கீயும் போயராது, உள்ள வா"ன்னு கூப்பிட்டு கம்பங்கூழ்ல மோர ஊத்தி சின்ன வெங்காயத்தோட குடுத்துருவாங்க. பகல்ல உக்காந்து செய்யற வேலைக்கும் கொறச்சல் இல்ல, அத பின்னாடி சொல்றேன்.

தென்னைக்கு தண்ணி தான் இந்த காலத்துல தலையாய கவலை. ஏக்கருக்கு 70 மரம் கணக்கு. சொட்டுநீர்ல விட்டா மாசில இருந்து வைகாசி வரைக்கும் ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர் வேணும்னு வேளாண்மை பல்கலைக்கழகம் சொல்லுது, அப்படின்னா ஏக்கருக்கு தெனமும் நாலரை ஆயிரம் லிட்டர். எங்க பக்கம் கோடைல எந்த போர்வெல்லும் இத முழுசா குடுக்காது. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) வாய்க்கால் தண்ணியும் நாலு மண்டலமா பிரிச்சு முறை வச்சு தான் விடறாங்க, நம்ம முறை இல்லாத வருஷம் போர நம்பித்தான் இருக்கணும். அதனால இருக்கற தண்ணிய எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விடறது நல்லது, ஒரு பக்கம் நெறைய விட்டுட்டு இன்னொரு பக்கம் காய விடக்கூடாது. 45 லிட்டர் கெடச்சாலும் மரம் தாக்குப் புடிச்சுக்கும், ரொம்ப பஞ்சத்துல 22 லிட்டருக்கும் கணக்கு போட்டு வச்சிருக்காங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், பாளை வெடிச்சு காய் முத்தறதுக்கு பதினொண்ணு பன்னெண்டு மாசம் ஆகுது, அதனால இந்த கோடைல மரம் பட்ட கஷ்டம் இந்த கோடையோட முடியாது, குரும்பை, அதாவது பிஞ்சுக் காய், உதிர்றத இப்பவே பாக்கலாம், காய் கொறையறது அடுத்த வருஷ வெட்டுல தான் தெரியும். இப்ப மரம் பச்சையா தான இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு விட்டுரக்கூடாது.

தண்ணி விடறதுல பாதி, விட்ட தண்ணி ஆவியாகாம பாத்துக்கறதுல மீதி. மரத்தச் சுத்தி ஆறடிக்கு வட்டப்பாத்தி எடுத்து மூடாக்கு போடறது, அதாவது மட்டை ஓலைய வச்சு மண்ண மூடறது, மாசிலயே முடிச்சிருவோம். தேங்கா மட்டைன்னா ஒரு மரத்துக்கு நூறு மட்டை, குழிஞ்ச பக்கம் கீழ பாக்கற மாதிரி கவுத்து அடுக்கணும். காஞ்ச ஓலைன்னா பதினஞ்சு, தென்னை நார்க்கழிவுன்னா நாலு வெரக்கடை உயரத்துக்கு. இதே மட்டைய மண்ணுக்குள்ள பொதைக்கறவங்க மரத்துல இருந்து அஞ்சடி தள்ளி ரெண்டடி ஆழத்துல, குழிஞ்ச பக்கம் மேல பாக்கற மாதிரி வைக்கணும், அப்ப தான் ஒவ்வொரு மட்டையும் தண்ணிய புடிச்சு வச்சுக்கும். மேல போடும்போது ஒரு மாதிரி, உள்ள பொதைக்கும்போது இன்னொரு மாதிரி, இத மாத்தி செய்யறவங்கள நெறைய தோட்டத்துல பாக்கறேன். மூடாக்கு போட்ட பாத்தில கைய விட்டு பாத்தா ரெண்டு மூணு நாள் கழிச்சும் மண்ணு குளுகுளுன்னு இருக்கும், போடாத பாத்தி மறுநாளே பொரிஞ்சு கெடக்கும்.

சொட்டுநீர் வச்சிருக்கறவங்க ட்யூப் கடைசில இருக்கற மூடிய கழட்டி விட்டு ஃப்ளஷ் பண்றத வாரம் ஒருக்கா செய்யணும், கோடைல போர் தண்ணி கீழ போக போக உப்பு ஏறும், தண்ணி சொட்டற சொட்டுவான் வாய்ல வெள்ளையா பூத்துக்கும். மேல இருந்து பாத்தா எல்லா மரத்துக்கும் தண்ணி போற மாதிரி தான் இருக்கும். நான் ஒரு சின்ன டப்பாவ சொட்டுவான் கீழ வச்சு போன்ல டைம் பாத்து எவ்வளவு ரொம்புதுன்னு பாப்பேன், லைன் ஆரம்பத்துல இருக்கற மரத்துக்கும் கடைசில இருக்கற மரத்துக்கும் பெரிய வித்தியாசம் வந்தா அடைப்புன்னு அர்த்தம். ஆசிட் விட்டு கழுவறதா இருந்தா தண்ணிக்குள்ள தான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தவே கூடாது, தெறிச்சு மூஞ்சில அடிக்கும். கையுறை கண்ணாடி இல்லாம அந்த வேலைய தொடாதீங்க.

வெள்ளை ஈ பத்தி சொல்லாம தென்னைய விட்டு போக முடியாது. சுருள் வெள்ளை ஈ 2016ல பொள்ளாச்சி பக்கம் தான் நம்ம நாட்டுலயே மொதல்ல தெரிஞ்சுது, அப்பறம் எல்லா பக்கமும் பரவிருச்சு. மழை இல்லாம வெயில் ஏறற இந்த மாசங்கள்ல தான் இதோட ஆட்டம் அதிகம். ஓலைக்கு அடிப்பக்கம் சுருள் சுருளா வெள்ளையா முட்டை வச்சிருக்கும், அதுல இருந்து வடியற தேன் மாதிரி பிசுபிசுப்பு கீழ் ஓலை மேல விழுந்து கரும்பூஞ்சாணம் புடிச்சு மரமே கரி பூசுன மாதிரி ஆகிடும். பாத்தவொடனே பயந்து மருந்து அடிக்கறது தான் பெரிய கெடுதல், ஏன்னா இந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அழிக்கற என்கார்சியான்னு ஒரு சின்ன குளவி இருக்குது, மருந்து அடிச்சா அது தான் மொதல்ல சாகும். நாங்க செய்யறது இவ்வளவு தான்: மஞ்சள் ஷீட்ல வெளக்கெண்ணை தடவி மரத்துக்கு மரம் கட்டறது, ஓலை அடில தண்ணிய வேகமா பீச்சி அடிக்கறது, கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவ காய்ச்சி கஞ்சியா கரைச்சு தெளிக்கறது. மைதா காஞ்சு உரியும்போது கருப்பும் சேந்து பொளபொளன்னு உதிர்ந்துரும். பக்கத்து தோட்டத்துக்காரங்க கிட்டயும் பேசி ஒண்ணா செஞ்சா தான் பலன் தெரியும், ஈக்கு வேலி தெரியாதுங்க.

தென்னைக்குன்னு இன்னொரு வேலை, குப்பைமேட்ட கெளர்றது. மாடு கட்டற கட்டுத்தரை சாணி, குப்பை எல்லாம் வருஷம் பூரா சேந்து கெடக்கற குழிய சித்திரைல காட்டுக்கு ஓட்டறதுக்கு முன்னாடி நல்லா பெரட்டி பாக்கணும், காண்டாமிருக வண்டோட புழு அங்க தான் வளரும், கொழுகொழுன்னு வெள்ளையா வளைஞ்சு கெடக்கும். பெரட்டும்போது எங்க வீட்டு கோழி எல்லாம் எங்கிருந்தோ ஓடி வந்து சுத்தி நின்னுக்கும், ஒண்ணையும் விடாது. அதோட மண்சட்டில அஞ்சு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ ஆமணக்கு புண்ணாக்க ஊற வச்சு தோப்புல அங்கங்க வச்சா வண்டு வந்து விழும். தெனமும் போய் எடுத்துரணும், அப்படியே விட்டா நாத்தம் தாங்காது.

இப்ப காட்டுக்கு வர்றேன். எங்க பக்கத்து கொறங்காட்ட, அதாவது மேய்ச்சக் காட்ட, பாத்தவங்களுக்கு தெரியும், நாலு ஏக்கர் அஞ்சு ஏக்கர்னு கிளுவை வேலி போட்டு பிரிச்சு, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல அங்கங்க வெள்வேல மரம். பங்குனில கிளுவைல ஒரு எலை இருக்காது, புல்லு வெளுத்துப் போய் காஞ்சு நிக்கும். புதுசா பாக்கறவங்க செத்த நெலம்னு நெனப்பாங்க, ஆனா அந்த காஞ்ச புல்லு தான் மாட்டுக்கு சாப்பாடு, வெள்வேலன் உதுக்கற காய் தான் ஆட்டுக்கு சத்து. இங்க முக்கியமா பாக்க வேண்டியது, ஒரே காட்டுல மாட்ட விட்டு புல்லு வேர் தெரியற வரைக்கும் மேய விடக்கூடாது. ஒரு காட்டுல கொஞ்ச நாள், அடுத்ததுல கொஞ்ச நாள்னு மாத்தி, புல்லோட அடித்தூர் மண்ணுல நிக்கும்போதே அடுத்த காட்டுக்கு ஓட்டிரணும், தூர் இருந்தா தான் மொத மழைக்கு தளுக்கும். எங்க மாமனார் இதுல கறாரா இருப்பார், தீவனம் வெலைக்கு வாங்கிப் போட்டாலும் போடுவார், தூர மட்டும் மேய விட மாட்டார்.

வேலில சந்து விழுந்த எடத்தையும் இப்பவே பாத்து அடைச்சிரணும், எலை இல்லாததால ஓட்டை எல்லாம் நல்லா கண்ணுக்கு தெரியும். முள்ள வெட்டி வச்சு அடைக்கற சந்துக்கு பக்கத்துலயே கிளுவை குச்சி நடற எடத்த அடையாளம் பண்ணி வச்சுக்குவோம்.

மாட்டுக்கு குளுதாளி, அதாவது தண்ணித் தொட்டி, எந்நேரமும் ரொம்பி இருக்கணும், நெழல்ல இருக்கணும். வெயில்ல சூடான தண்ணிய மாடு மோந்து பாத்துட்டு போயிரும், தாகத்தோடயே நிக்கும். வாரம் ஒருக்கா தாளிய காய விட்டு தேச்சு சுண்ணாம்பு அடிச்சா பாசி புடிக்காது. கோமாரி ஊசி ஆறு மாசத்துக்கு ஒருக்கா கவர்மெண்ட்ல இலவசமா போடறாங்க, கேம்ப் வர்ற நாள கேட்டு மாட்ட வீட்டுல நிறுத்திக்கணும். சித்திரைல தான் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரும் மாட்டுச் சந்தையும், காங்கேயம் மாடுன்னாலே அந்த சந்தை தான், விக்கறதா இருந்தாலும் வாங்கறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி மாடு தேறி இருக்கணுமேன்னு ஊரே மாட்ட கவனிக்கும். காங்கேயம் கன்னுக்குட்டி பொறக்கும்போது செவப்பா தான் இருக்கும், ஆறு மாசத்துல தான் வெள்ளைக்கு மாறும். பங்குனில ஒரு கன்னு பொறந்து அது கட்டுத்தரைல துள்ளிக்கிட்டு இருந்தா, காஞ்ச காட்ட பாத்து வர்ற கவலை பாதி கொறஞ்சிரும் எனக்கு.

பகல் வேலைன்னு சொன்னேன்ல, அது புளி. மாசி பங்குனில புளியம்பழம் உலுக்கி, காய வச்சு, ஓடு ஒடச்சு, நார் உரிச்சு, கொட்டை தட்டி எடுக்கற வேலை சித்திரை வரைக்கும் ஓடும். வேப்ப மரத்தடில சாக்க விரிச்சு அத்தை, பக்கத்து சாளை (தோட்டத்து வீடு) அக்கா ரெண்டு பேரு, நான்னு உக்காந்துக்குவோம். ஓடு ஈரமா இருக்கும்போது ஒடச்சா சதையோட ஒட்டிக்கும், வெயில்ல நல்லா முறுக காஞ்சா தட்டுனதும் தனியா கழண்டுக்கும். கொட்டைய எடுக்கும்போது நடு நரம்ப விட்டுறக் கூடாது. எடுத்த புளிய மறுபடி ஒரு நாள் வெயில் காட்டி, கல்லுப்பு போட்டு அடுக்கடுக்கா மண்பானைல அழுத்தி வச்சு துணிய கட்டிட்டா வண்டு வராது, வருஷம் பூரா தாங்கும். எவர்சில்வர் டப்பாவுல வைக்காதீங்க, உப்பும் புளிப்பும் சேந்து டப்பாவையே தின்னுரும்.

ஆனா புளி வேலைல எனக்கு புடிச்சது புளி இல்ல, பேச்சு. ஆபீஸ்ல இருந்தப்ப பேசிக்கிட்டே வேலை செஞ்சா வேலை கெடும்னு தான் பழகிருந்தேன். இங்க கை பாட்டுக்கு தட்டிக்கிட்டே இருக்குது, வாய் பாட்டுக்கு எந்த வருஷம் எந்த கெணறு வத்துச்சு, எந்த போர் எத்தன அடில தண்ணி குடுத்துச்சு, யாரு மாடு எந்த புல்ல தின்னு கெட்டுச்சுன்னு எல்லாமே வருது. பக்கத்து சாளை அக்கா ஒருத்தங்க பள்ளிக்கூடம் போனதே கம்மி, ஆனா சுத்துப்பட்டுல எந்த காட்டுல மழைத்தண்ணி எந்த பக்கம் ஓடும்னு அவங்களுக்கு மனப்பாடம். அவங்க சொன்ன எடத்துல தான் எங்க காட்டுல வரப்பு ஒசத்துனோம். இந்த அறிவ எல்லாம் யாரும் எழுதி வைக்கல, புளி தட்டற எடத்துல உக்காந்தா தான் கெடைக்கும், அதனால நான் அந்த நேரத்துல போன தொடறதே இல்ல. வேப்பம்பூவும் இப்ப தான், மரத்தடில பழைய சேலைய விரிச்சு வச்சா காத்துக்கு விழறதே ஒரு வருஷ ரசத்துக்கு போதும், நெழல்ல காய வைங்க.

பாம்பு விஷயம் கொஞ்சம் சொல்லிரணும். கோடைல குளுமை தேடி அதுக மூடாக்குக்குள்ளயும் ஓலைக் குமிக்குள்ளயும் தான் வரும், கண்ணாடி விரியன் காஞ்ச ஓலைக்குள்ள கெடந்தா கண்ணுக்கே தெரியாது. ஓலை எடுக்கும்போது மொதல்ல நீள கம்புல ஒரு தட்டு தட்டி, கொக்கில இழுத்து, அப்பறம் தான் கை. பொழுது எறங்கிட்டா டார்ச்சும் பூட்ஸும் இல்லாம மோட்டார் போட போகக்கூடாது, த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரில தான் வருதுன்னு அவசரத்துல செருப்பு கூட போடாம ஓடறவங்க இருக்காங்க. கடிச்சுட்டா கட்டறது கீறறது ஒண்ணும் வேண்டாம், நடக்க விடாம 108க்கு போன் பண்ணி நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, மருந்து அங்க இருக்கும்.

அதே மாதிரி கெணறு தூர் வாரறவங்க இப்ப தான் எறங்குவாங்க, தண்ணி அடில இருக்கறதால. ரொம்ப நாள் ஆள் எறங்காத கெணத்துல காத்து கெட்டு இருக்கும். கயித்துல வெளக்க ஏத்தி எறக்கிப் பாருங்க, அணைஞ்சா யாரும் எறங்கக்கூடாது, எரிஞ்சாலும் இடுப்புல கயிறு கட்டி மேல ஆள் நிக்காம எறங்கக்கூடாது. டீசல் எஞ்சின கெணத்துக்குள்ள எறக்கி ஓட்டவே வேண்டாம், அந்தப் புகை ஆள கொன்னுரும். ஒருத்தர் மயங்கி விழுந்தா அவர காப்பாத்தறேன்னு அடுத்தவர் எறங்கறதுல தான் ரெண்டு உசுரு மூணு உசுருன்னு போவுது.

சித்திரைல ஒரு மழை வரும்னு எல்லாரும் வானத்த பாத்துக்கிட்டு இருப்போம். எங்க பக்கம் வருஷத்து மழைல பெரும் பங்கு ஐப்பசி கார்த்திகைல தான், ஆனா கோடை மழை கொஞ்சமா பேஞ்சாலும் அதோட மதிப்பு வேற. கணக்கு போட்டு பாருங்க, ஒரு ஏக்கர்ல ஒரு இஞ்ச் மழை பேஞ்சா ஒரு லட்சம் லிட்டர் தண்ணி. மேல சொன்ன 65 லிட்டர் கணக்குக்கு அது தென்னைக்கு இருபது நாளைக்கு மேல. ஆனா அத்தனையும் மண்ணுக்குள்ள எறங்குனா தான் அந்த கணக்கு, இறுகிப் போன காட்டுல பாதி ஓடி வாய்க்கால்ல சேந்துரும். அதனால தான் வரப்பு ஒடஞ்ச எடம், வீட்டு ஓட்டுல இருந்து தொட்டிக்கு போற குழாய், அதுல அடைஞ்சிருக்கற எலை தழை எல்லாத்தையும் பங்குனிலயே பாத்து வைக்கறது. ஆயிரம் சதுர அடி கூரைல ஒரு சென்டிமீட்டர் மழைக்கு தொள்ளாயிரம் லிட்டர் வருது, மொத அஞ்சு பத்து நிமிஷம் கூரை கழுவி வர்ற தண்ணிய மட்டும் வெளிய விட்டுட்டு மீதிய புடிச்சுக்கலாம்.

மொத மழை பேஞ்ச சந்தோஷத்துல மாடு ஆட்ட அப்படியே காட்டுக்குள்ள அவுத்து விடறது தான் ஆபத்து, இத நான் அழுத்தி சொல்றேன். சோளம் அறுத்த காட்டுல மறுதாம்பு தளுக்கும் பாருங்க, அந்த இளங்குருத்துலயும், மழை இல்லாம வாடி நிக்கற சின்ன சோளப் பயிர்லயும் சயனைடு விஷம் இருக்கும். மாடு கொஞ்ச நேரம் மேஞ்சாலே மூச்சு வாங்கி, நுரை தள்ளி, விழுந்துரும், நேரமே குடுக்காது. சோளம் பூ எடுத்ததுக்கு அப்பறம் தான் பச்சையா போடலாம். அப்படி எதாவது ஆயிட்டா ஒடனே 1962க்கு அடிச்சு கால்நடை ஆம்புலன்ஸ கூப்பிடணும், சோடியம் தயோசல்பேட் ஊசி சீக்கிரம் போட்டா பொழைக்க வாய்ப்பு இருக்கு, வீட்டு வைத்தியம் பாத்துக்கிட்டு நின்னா இல்ல. ஆட்டுக்கு இதே நேரத்துல துள்ளுமாரின்னு ஒரு நோய் வரும். புதுப்புல்ல வயிறு முட்ட மேஞ்ச நல்ல திடமான குட்டி தான் துள்ளி விழுந்து சாகும், அதுக்கு தடுப்பூசி மழைக்கு முன்னாடியே போட்டிருக்கணும், மழை வந்ததுக்கு அப்பறம் டாக்டர தேடுனா லேட்டு. மொத ஒரு வாரம் கொஞ்சம் காஞ்ச தீவனத்த போட்டுட்டு அப்பறமா மேய்ச்சலுக்கு அவுத்து விட்டா ரெண்டுக்கும் நல்லது.

அப்பறம் உழவு. சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்றது சும்மா இல்ல. மண்ணு லேசா ஈரம் காஞ்சு, கைல புடிச்சா உருண்டையாகி விட்டா ஒடையற பதத்துல, சரிவுக்கு குறுக்கால ஓட்டணும். மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழு எல்லாம் மேல வந்து வெயில்லயும் கொக்கு மைனா வாய்லயும் போயிரும், கோரைக் கெழங்கும் காஞ்சிரும், அடுத்த மழை உள்ள எறங்கும். மழை பேஞ்ச மறுநாள் ஊருக்கே ட்ராக்டர் வேணும், அதனால ட்ராக்டர்காரர் கிட்ட பங்குனிலயே பேசி வச்சிருங்க, மழை பேஞ்சவொடனே நம்ம பேர ஞாபகம் வச்சு வருவார்.

கொழுக்கட்டைப் புல்லு கொறஞ்ச காட்டுல விதை போடறதா இருந்தா ஒண்ணு கவனிங்க, அன்னன்னைக்கு உருவுன புது விதை சரியா முளைக்காது, ஆறு எட்டு மாசம் பழசாகணும். மார்கழில உருவி சாக்குல கட்டி வச்சது ஆடி ஆவணிக்கு தான் பதமா வரும். இப்ப உழவு மட்டும் ஓட்டி வச்சுட்டு, விதைய அந்த மழைக்கு ஈர மணலோட கலந்து தூவுங்க, பஞ்சு மாதிரி எடையே இல்லாததால வெறும் விதைய வீசுனா காத்து பக்கத்து காட்டுக்கு கொண்டு போயிரும்.